ஒன்பதாவது கருத்தின் பின்பாதி

"ஐப்பசி, சனிக்கிழமை, பகல் காட்சி. தூறல். அரங்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது. ஜோம்பிப் படவரிசையில் இரண்டாம் பாகம், தமிழ் மொழிமாற்றம். வெளியே வந்தவர்களிடம் கேட்ட கருத்துகள் பதினொன்று. கேட்ட இடம்: வண்டி நிறுத்துமிடத்துக்கு எதிரே, டீக்கடை வாசல்."

இது என் சினிமா நோட்டில் உள்ள குறிப்பு. நோட்டில் தேதியும் வருடமும் இருக்கின்றன. இங்கே விட்டுவிட்டேன். வருடத்தைச் சொன்னால் படம் எது என்று தெரிந்துவிடும். படம் தெரிந்தால் அதற்குத் தமிழ் வசனம் எழுதியவர் யார் என்றும் தெரிந்துவிடும். அவருக்கு நான் செய்தது போதும்.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். படம் முடிந்து வெளியே வருபவர்கள் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன சொல்கிறார்கள் என்பதை, சொன்னபடியே, ஒரு எழுத்து மாற்றாமல் குறித்துவைப்பது பல வருடப் பழக்கம். படித்த வரலாற்று நூல்களில் எல்லாம் ராஜாக்கள் பேசியது கிடைக்கிறது, கூட்டத்தில் நின்றவன் பேசியது கிடைப்பதில்லை என்ற குறையில் தொடங்கியது. திருச்சி சினிமா ரசிகர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அவ்வப்போது அந்தப் பட்டியல்களைப் போடுவேன். "சார் நோட்டுல வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுப்பவர்கள் உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வசனம் எழுதியவர் ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்ககத்தில் மேல்வீட்டுக்காரர். முப்பத்தைந்து வயதுப் பெண்மணி. கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையிலுள்ள ஒரு சின்ன கம்பெனி படத்தை அனுப்பும். இவர் வீட்டிலிருந்தபடியே வாயசைவுக்குப் பொருந்தத் தமிழில் எழுதி அனுப்புவார். மாமியார் படுக்கையில் இருந்ததால் மூன்று மணி நேரம் வீட்டைவிட்டு நகர முடியாது. தன் வசனத்துக்கு ஒரு அரங்கம் சிரித்த சத்தத்தை அவர் கேட்டதே இல்லை.

முதல் பாகம் நன்றாக ஓடியது. அதில் கதாநாயகன் தன்னைக் கடிக்க வரும் பழைய முதலாளியைப் பார்த்து, "ஏன்யா, செத்தும் லீவு தரமாட்டியா?" என்பான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் காலேஜ் பிள்ளைகள் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். நான் குறித்துக்கொண்டு வந்து சொன்னபோது அவர் கையில் இருந்த கரண்டியோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

இரண்டாம் பாகம் எழுத வந்தபோது, அது தேறாது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

"கதையே இல்லை சார். ரெண்டு மணி நேரம் சுடறான். நான் எது எழுதினாலும் டுமீல் சத்தத்துல போயிடும்," என்றார். "ஒரே ஒரு இடம் இருக்கு. செத்துப்போன தளபதி சமாதியிலேர்ந்து எழுந்திருக்கான். அவனைக் கும்பிடற கூட்டம் ஒண்ணு கைகூப்பிண்டு காத்துண்டிருக்கு. அங்கே 'தலைவர் எழுந்தருளிவிட்டார்'னு போடலாமா?"

ஸ்ரீரங்கத்தில் இந்தச் சொல் தினமும் காதில் விழும். நான் துறையூர்க்காரன். குடிவந்த புதிதில் புறப்பாட்டு நாளன்று தெருவில் நின்று "சாமி வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டேன். இவர்தான், "வந்துடுச்சாவா? அதென்ன சார், ஒண்ணாம் நம்பர் பஸ்ஸா? பெருமாள் எழுந்தருளிட்டாரான்னு கேளுங்கோ," என்று திருத்தினார். அப்படிப்பட்டவர் அந்தச் சொல்லை ஒரு பிணத்துக்குப் போடலாமா என்று கேட்கிறார்.

"வேண்டாம்மா," என்றேன். "பொணத்துக்கு எழுந்தருளலா? தியேட்டர்ல கிண்டல் பண்ணுவாங்க. எழுந்துட்டார்னு சாதாரணமா போடுங்க."

"அந்தக் கூட்டத்துக்கு அவன்தானே சார் பெருமாள்? அவா வேற எப்படிச் சொல்லுவா?" என்றார். "ஜனங்க சிரிச்சாலும் சரிதான். தூங்காமலாவது இருப்பா."

எழுதி அனுப்பிவிட்டார். படம் வெளிவரும் வாரம் என்னிடம் ஒன்று கேட்டார். "மூணாவது பாகமும் எனக்கே தரலாமான்னு கம்பெனியில யோசிச்சுண்டிருக்கா. ஜனங்க என்ன பேசிக்கறான்னு நீங்க எழுதிண்டு வந்து கொடுங்கோ. அப்படியே அனுப்பிடறேன். திட்டினா திட்டினதையும் சேர்த்து."

போனேன். இடைவேளைக்குள் என் பக்கத்து சீட்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பின்பாதியில் அந்தக் காட்சி வந்தது. சமாதிக் கல் நகர்ந்தது. கூட்டம் கைகூப்பியது. "தலைவர் எழுந்தருளிவிட்டார்!" ஒரு நொடி அரங்கம் அப்படியே இருந்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "தீர்த்தம் சடாரி உண்டாய்யா?" இன்னொரு மூலையிலிருந்து, "குடை எங்கடா, குடையைப் பிடிங்கடா!" அரங்கமே குலுங்கியது. குறட்டைக்காரர் எழுந்து "என்ன, என்ன?" என்று என்னைக் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை, நானும் அந்த அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன். என் நோட்டில் இல்லாத விவரம் அது.

வெளியே வந்தவர்கள் படத்தைக் கிழித்தார்கள். "முதல் பாகத்துல பொணம் துரத்துச்சு, அவங்க ஓடுனாங்க. இதுல படம் துரத்துது, நாம ஓடுறோம்." "கடிச்சா அஞ்சு நிமிஷத்துல மாறணும்ல? ஹீரோயினைக் கடிச்சு ரெண்டு நாளாச்சு, தலை சீவிக்கிட்டு லவ் பண்ணிக்கிட்டிருக்கு." "துப்பாக்கியில குண்டே தீராதாங்க?" எடமலைப்பட்டி புதூரிலிருந்து வந்த ஓர் அம்மா யோசித்துவிட்டு, "ஏசி நல்லா இருந்துச்சு தம்பி," என்றார்.

ஒன்பதாவதாகப் பேசியவர் லால்குடிக்காரர். மனைவி குடையை விரித்துக்கொண்டு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அவர் சொன்னது நோட்டில் இப்படி இருக்கிறது: "படம் வேஸ்ட்டுங்க. பொணத்துக்குப் போயி எழுந்தருளினார்ங்கிறான். ஆனா அது ஒண்ணுக்காகவே இன்னொரு வாட்டி பார்க்கலாம், எழுதுனவன் நம்மூர்க்காரனாத்தான் இருக்கணும்."

திரும்பும் பஸ் காவிரிப் பாலத்தில் மெதுவாக ஊர்ந்தது. பட்டியலை மேல்வீட்டுக்காரரிடம்தான் முதலில் கொடுத்திருக்க வேண்டும். நான் போனை எடுத்துக் குழுவில் போட ஆரம்பித்தேன். பதினொன்றும் நீளமாகத் தெரிந்தது, நான்கைக் கழித்தேன். ஒன்பதாவதை முதலில் வைத்தேன். "படம் வேஸ்ட்டுங்க. பொணத்துக்குப் போயி எழுந்தருளினார்ங்கிறான்." அத்தோடு நிறுத்தினேன்.

சுருக்கமாக இருந்தால் நறுக்கென்று இருக்கும் என்பதற்காக வெட்டினேன் என்று பல நாள் சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. அந்த இடத்தில் சிரிப்பார்கள் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். சிரித்தார்கள். ஆனால் நான் சொன்ன சிரிப்பு வேறு, வந்த சிரிப்பு வேறு. பின்பாதி இருந்தால் வசனம் எழுதியவர் சொன்னது சரி; பின்பாதி இல்லாவிட்டால் நான் சொன்னது சரி. பஸ் அம்மா மண்டபம் நிறுத்தத்துக்கு வருவதற்குள் நான் சரியாகிவிட்டேன்.

அதுவரை நான் போட்ட எந்தப் பட்டியலுக்கும் அவ்வளவு சிரிப்புப் பொம்மைகள் வந்ததில்லை. மறுநாள் காலை யாரோ ஒரு ஜோம்பியைப் பல்லக்கில் வைத்து, குடையும் சாமரமும் வரைந்து அனுப்பினார்கள். மத்தியானம் அதே படம் வேறொரு குழுவிலிருந்து எனக்கே திரும்பி வந்தது. இப்போது கீழே ஒரு வரி சேர்ந்திருந்தது: "தெய்வத்துக்குச் சொல்லும் வார்த்தை இது. எழுதினவருக்கு வெட்கமில்லையா?" அதன் கீழே நாற்பது பேர் ஆமோதித்திருந்தார்கள். ஒருவரும் தியேட்டரில் படம் பார்த்தவர் போலத் தெரியவில்லை.

புதன்கிழமை மாலை அவர் கீழே வந்தார். உட்காரவில்லை. யாரோ அவருக்கு அனுப்பியிருந்த என் பட்டியல் போனில் திறந்திருந்தது.

"கம்பெனியிலேர்ந்து போன் வந்தது சார். ஊர்ப்பக்கம் ஏதோ பேச்சு வரதாம். மூணாவது பாகத்தை வேற ஒருத்தர் பார்க்கட்டும்னுட்டா. எங்கம்மா கூடக் கேட்டா, நீயாடி எழுதினேன்னு. ஆமான்னேன்," என்றார். பிறகு, "ஜனங்க நிஜமாவே அப்படித்தான் சொன்னாளா? அந்த முதல் கருத்து?"

பொய் சொல்ல எனக்கு ஒரு நொடிதான் இருந்தது. என் மனைவி சமையலறையிலிருந்து வந்து நின்றதால் அந்த நொடியும் போனது. நோட்டை எடுத்து, பக்கத்தைப் பிரித்து, அவரிடம் நீட்டினேன். அவர் நின்றபடியே படித்தார். பின்பாதிக்கு வந்ததும் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "எழுதுனவன் நம்மூர்க்காரனாத்தான் இருக்கணுமாம்," என்றார் என் மனைவியிடம். "காரின்னு தோணலை பாருங்கோ மாமி."

சிரித்து முடித்தபின் நோட்டை மூடி மேசைமேல் வைத்தார்.

"இதைச் சனிக்கிழமையே என் கையில கொடுத்திருந்தா அனுப்பியிருப்பேனே சார்," என்றார். குரலில் கோபம் இல்லை.

அவர் படியேறிப் போனபின் என் மனைவி, "சொன்னதைச் சொன்னபடி எழுதறேன்னு ஊரெல்லாம் பெருமை. வெட்டி விக்கிறதுக்கு எதுக்குங்க நோட்டு?" என்றாள்.

அன்றே குழுவில் திருத்தம் போட்டேன். முழு வாக்கியம், நான் விட்ட நான்கு கருத்துகள், அரங்கம் எப்படிச் சிரித்தது, நான் எப்படிச் சிரித்தேன், எல்லாம். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர், "சார், அது பழைய படமாச்சே, புதுசு எதாவது பார்த்தீங்களா?" என்று கேட்டார். பல்லக்குப் படத்தை அனுப்பியவர்களைத் தேடித் தனித்தனியாகத் திருத்தத்தை அனுப்பினேன். அது எங்கும் போகவில்லை. திருத்தத்தை அச்செடுத்து மேல்வீட்டில் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். கம்பெனிக்கு அனுப்பினாரா என்று சொல்லவில்லை, நானும் துருவவில்லை.

மூன்றாம் பாகம் வேறொருவரின் தமிழில் வந்தது. நான் பார்க்கவில்லை. மேல்வீட்டுக்காரர் இப்போது சீரியல்களுக்கு எழுதுகிறார். வாசலில் பார்த்தால் பேசுகிறார். என் நோட்டைப் பற்றி மட்டும் கேட்பதில்லை.

பதிவுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பெனிக்காரர் சொன்ன "பேச்சு" என் பட்டியலிலிருந்து கிளம்பியதுதானா, அல்லது படம் படுத்ததால் அவர்கள் முன்பே ஆளை மாற்ற முடிவு செய்துவிட்டு ஒரு காரணம் சொன்னார்களா என்பது உறுதி செய்யப்படவில்லை. உறுதி செய்வது கடினமில்லை. அந்தக் கம்பெனியின் தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறது. இதை எழுதும் இன்றுவரை நான் கேட்கவில்லை.