முன்னால் ஒரு முதுகு

தேசிய அணியின் நால்வர் கயாக்கில் எனக்கு இரண்டாவது இருக்கை. அதில் உட்காருபவளுக்குக் கரையும் சரியாகத் தெரியாது, முடிவுக்கோடும் தெரியாது. முன்னால் இருப்பவளின் முதுகுதான் தெரியும். அந்தத் தோள் இறங்கினால் என் தோளும் இறங்கவேண்டும். முதல் இருக்கை மணிப்பூர்க்காரியுடையது. அவள் முகத்தைவிட முதுகுதான் எனக்குப் பழக்கம்.

ஊரடங்கு வரப்போகிறது என்றதும் முகாமை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பழவேற்காடு வரை பஸ்ஸில் வந்தேன். அங்கிருந்து நைனா படகில் ஏற்றிக்கொண்டு ஏரி நடுவில் இருக்கும் எங்கள் ஊருக்குக் கூட்டிப்போனார். பயிற்சியாளர் போனில், “நீ கொடுத்துவைத்தவள், வீட்டைச் சுற்றித் தண்ணீர்” என்றார். மற்றவர்கள் மொட்டை மாடியில் தண்ணீர் வாளியைத் தூக்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். முகாம் திறந்ததும் தேர்வு உண்டு, தோற்றால் இருக்கை போய்விடும் என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை.

மீன்பிடிக்கத் தடை இருந்த ஆரம்ப நாட்களில் ஏரி முழுக்க என்னுடையதாக இருந்தது. நைனாவின் சின்னப் படகை எடுத்துக்கொண்டு தினமும் போனேன். தடை நீங்கிய அன்றும் பழக்க தோஷத்தில் அப்படியே போய்விட்டேன்.

எங்கள் ஏரியில் பெரும்பாலான இடம் முழங்கால் ஆழம்தான். துடுப்பைப் போட்டால் சேற்றில் குத்தும். ஆழமான இடங்களில் இறாலுக்கு, எங்கள் பேச்சில் எறாவுக்கு, வலை கட்டுவார்கள். அந்த இடங்களைப் பாடு என்போம். எந்தப் பாடு என்றைக்கு யாருக்கு என்று ஊரே கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறது. முறை இல்லாதவன் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கக் கூடாது. நான் போய் இறங்கியது ஒரு பெரியப்பாவின் முறையில்.

“இன்னாம்மா பண்ற? எறா மொத்தமும் கலைஞ்சி பூடுச்சி! ஊர்ல பொறந்த பொண்ணுக்குப் பாடு தெரியாதா?” என்று படகில் நின்று கத்தினார்.

தெரியும். நடக்கப் பழகிய நாளிலிருந்து தெரியும். அவர் சொன்னதில் தப்பே இல்லை, எனக்கு எரிச்சலாக இருந்ததும் அதனால்தான். சாயங்காலம் ஊர்க்கூட்டத்தில் நைனா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இனிமேல் பாடு இருக்கும் பக்கம் நான் போகக் கூடாது என்று முடிவானது.

பிறகு வீட்டுக்குள் குடிதண்ணீர் கேனைத் தூக்கி இறக்கிப் பயிற்சி செய்தேன். என்னோடு படித்தவர்கள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். ஊரில் மிச்சமிருந்தவர்களுக்கு என்னிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. போனில் சிக்னல் கிடைத்த ஒரு நாள் அணியில் நாலு பேரும் வீடியோவில் பார்த்துக்கொண்டோம். மணிப்பூர்க்காரி சிரித்தாள், நானும் சிரித்தேன். அதற்குமேல் பேச எதுவும் இல்லை. முதுகாக இருந்தவரை எங்களுக்குள் பேச்சு தேவைப்படவில்லை. போனை வைத்துவிட்டு அழுதேன். அவ்வளவு தனியாக நான் என்றும் இருந்ததில்லை.

“குந்திகினே இருந்தா அழுகதான் வரும். இன்னாதான் வேணும் உனக்கு?” என்றாள் அம்மா.

“முன்னால ஒரு முதுகு வேணும்மா.”

“பைத்தியமாடி நீ?” என்று அவள் சிரித்துவிட்டாள். நைனா கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

அவருடைய முறை வந்தது. அன்றைக்கு விட்டால் எல்லார் முறையும் சுற்றி முடிகிறவரை மறுபடி வராது. வீட்டில் எல்லாரும் அந்த நாளைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். விடிந்ததும் நைனா என்னை எழுப்பினார்.

“வா. இன்னிக்கி அது நம்ம பாடு. எவன் கேக்கறான் பாக்கலாம்.”

“வல எங்க நைனா?”

“வல எங்கியும் ஓடாது.”

எப்போதும் படகின் பின்பக்கம் நின்று கோல் ஊன்றுகிறவர், லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு முன்பக்கம் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கையில் ஒரு பழைய பலகைத் துடுப்பு.

“இன்னா, தெரியுதா?” என்றார் திரும்பாமலே.

தெரிந்தது. பனியன் ஓட்டை, வெயிலில் கருத்த கழுத்து, எலும்பு துருத்திய தோள். அவர் துடுப்புக்குத் தாளமே கிடையாது. நடுவில் நிறுத்தி இருமுவார். மற்ற படகுகளில் இருந்தவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். நான் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே துடுப்புப் போட்டேன். அழுகையும் வந்துகொண்டிருந்தது. நல்லவேளை, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் ஏறியதும் வெறும் படகோடு வீட்டுக்கு வந்தோம். அம்மா கஞ்சி ஊற்றினாள்.

முகாம் திறந்ததும் தேர்வு வைத்தார்கள். என் இருக்கை என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்திக்குப் போனது. என்னை ஒற்றையர் படகுக்கு மாற்றினார்கள். நைனாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

“இப்ப முன்னால யாரு ஒக்கார்றாங்க?” என்று கேட்டார்.

“யாரும் இல்ல நைனா. ஒத்த ஆள் படகு.”

அந்தப் பக்கம் அவர் இருமுவது கேட்டது.

“அடுத்த பாடு என்னிக்குன்னு கேட்டுச் சொல்றேன்,” என்றார். “கெளம்பி வந்துடு.”