ஒன்பதாவது தட்டுக்கு இரண்டு மார்க்

என் பெரியம்மாவின் மூத்த மகன் முப்பது வருடம் பட்டறையில் இரும்பு கடைந்தவர். அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு, நாலு பேர் சேர்ந்து பாடும் ஒரு பாட்டுக்குழு. அவர்களுடைய இசைத்தட்டு புதிதாக வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டு, உறையின் பின்பக்கம் பென்சிலால் மார்க் போடுவார். முதல் தட்டுக்குப் பத்துக்குப் பத்து. ஏழாவதுக்கு ஐந்து. ஒன்பதாவதுக்கு இரண்டுதான்.

"அவனுங்களுக்கு வயசாயிடுச்சு. பாட்டு முடியறப்ப சின்னதா மணி அடிப்பாங்களே, அதைக்கூட விட்டுட்டாங்க" என்று எங்களிடம் புலம்பினார்.

அவர் தங்கை புருஷன் சிரித்தார். "மணி நல்லாத்தானே கேக்குது மச்சான்! காதுல பஞ்சு வெச்சிருக்கீங்களா?"

"உங்களுக்கு என்ன தெரியும் மாப்ளே, சும்மா இருங்க. மணின்னா இதுதான்" என்று அண்ணன் முதல் தட்டைப் போட்டார்.

பாட்டு முடிந்தது. எங்கள் இருவருக்கும் மணி கேட்டது. அண்ணன் ஊசியைத் தூக்கி அதே இடத்தில் வைத்தார். மறுபடியும் வைத்தார். பட்டறை தன் காதைத் தின்றுவிட்டது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

ஏழு, எட்டு, ஒன்பது உறைகளில் இருந்த மார்க்கை ரப்பரால் அழித்தார். புதிதாக எதுவும் போடவில்லை. பத்தாவது தட்டு வந்தபோது, பிரிக்காமலே அடுக்கில் செருகி வைத்தார்.