நூலு போட்டுக்கொண்ட சட்டைகள்

உறவுக்காரர் சாட்சியாக இருக்கக்கூடாது என்று விதி எழுதியவன், சொந்தபந்தமே இல்லாமல் வானத்திலிருந்து விழுந்தவனாகத்தான் இருக்க வேண்டும். ஒரு துக்க வீட்டுக்குப் போனால் வாசலைத் தாண்டுவதற்குள் பத்துப் பேருக்கு முறை சொல்லி விசாரிக்க வேண்டியிருக்கிற எங்களைப் போன்ற ஆட்களை அவன் பார்த்தே இருக்க மாட்டான். அந்த விதியால் என் தம்பி மகளுக்கு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அவளை நாங்கள் நூலு என்று கூப்பிடுவோம். பிறந்தபோது அவ்வளவு ஒல்லி. என் தம்பிக்கு மூன்றாவது பெண். அவள் அம்மா என் சம்சாரத்துக்குச் சித்தி மகள். ஆகையால் எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் அவள் எனக்கு மகள்தான். நானும் அவளுக்கு இரண்டு வழியிலும் பெரியப்பா.

நூலு இஸ்திரி போடுகிறவள். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், படிக்கட்டு வளைந்து ஏறுகிற இடத்துக்கு அடியில் அவள் மேசை. மேலே சரிந்து இறங்கும் சிமெண்ட். வந்த புதிதில் நிமிரும்போதெல்லாம் இடித்துக்கொண்டு நெற்றியில் ஒரு தழும்பே விழுந்துவிட்டது. இப்போது கண்ணைக் கட்டி விட்டாலும் சரியான இடத்தில் குனிந்துகொள்வாள். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளக். சுவரில் ஆணி அடித்துக் கம்பி கட்டி, அதில் வரிசையாகச் சட்டைகள். அந்தக் கட்டடத்து ஆண்களை முகம் பார்த்து அவளுக்குத் தெரியாது, சட்டை பார்த்துத்தான் தெரியும். யார் வீட்டில் சண்டை என்பது பிய்ந்த பொத்தானில் தெரியும். யார் தலைக்குச் சாயம் அடிக்க ஆரம்பித்திருக்கிறார் என்பதைக் காலர் சொல்லிவிடும்.

இந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. கட்டடத்துச் சங்கச் செயலாளர் ஒருநாள் வந்து நின்று, "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடும்மா. பார்சல் வைக்க அலமாரி ஒண்ணு வருது" என்றார். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்து கோழிக்கழுத்து மாதிரி இருக்கும், குரல் மட்டும் சங்கு.

நூலுவின் புருஷன், அதாவது எங்கள் மாப்பிள்ளை, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கையில் போன் இருந்தால் சோறு வேண்டாம். அதில் எவனோ ஒருவன் சட்டைக்கு மேல் சட்டை போட்டு உலக சாதனை செய்ததைப் பார்த்துவிட்டு வந்து, "இவ்வளவுதானாடி உலகம்? உன் கம்பியில தொங்குறதே இதுக்கு மேல இருக்கே!" என்றார். அந்தப் பேச்சு செயலாளர் காதுவரைக்கும் போனது.

"சாதனைப் புத்தகத்துல நம்ம கட்டடத்துப் பேரும் வருமா?" என்று கேட்டார்.

"எந்த இடத்துல நடந்துச்சுன்னு போடுவாங்க சார்" என்றார் மாப்பிள்ளை.

செயலாளர் யோசித்தார். "அப்படி வந்தா இந்த இடம் உங்களுக்கே. அலமாரிக்கு வேற இடம் பாத்துக்கலாம். வரலைன்னா மறுபேச்சு பேசக்கூடாது, சரியா?"

சரி என்று சொல்லாமல் அவள் வேறென்ன சொல்வாள்? இஸ்திரி மேசையைத் தலையில் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்?

முதல் தடவை செய்தபோதே ஒரு வம்பு வந்தது. சாதனைக் கழகத்திலிருந்து ஒருத்தர் வந்திருந்தார். கழுத்தில் அட்டை, கையில் கடிகாரம், வாயில் விசில். நாங்கள் அவருக்கு விசில்காரர் என்றே பேர் வைத்துவிட்டோம். எல்லாம் முடிந்து நாங்கள் கை தட்டியபோது அவர் தலையை ஆட்டினார். "கழுத்துப் பொத்தான் போடலையே! எல்லாப் பொத்தானும்னு விதி. கழுத்துல இருக்கிறதும் பொத்தான்தானே?"

நான் கேட்டேன், "ஏங்க, நீங்க போட்டிருக்கீங்களா?"

அவர் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "நான் சாதனை செய்யலைங்களே" என்றார்.

இதற்கு என்ன சொல்வீர்கள்? ஊரில் எந்த மனுஷன் மூச்சை அடைத்துக்கொண்டு அந்தப் பொத்தானைப் போடுகிறான்?  ஆனாலும் நூலு அடுத்த தடவைக்குக் கழுத்தளவு பார்த்து அடுக்க ஆரம்பித்தாள். சின்னக் கழுத்து உள்ளே, பெரிய கழுத்து வெளியே. மருந்துக்கடைக்காரர் சட்டைக்குள் ஒரு குடும்பமே குடியிருக்கலாம். அது கடைசி. கட்டடத்தில் அநேகமாக வீட்டுக்கு ஒரு சட்டையாவது கொடுத்தார்கள். சில வீடுகளில் அள்ளியே கொடுத்தார்கள்.

அங்கேதான் அடுத்த விதி குறுக்கே வந்தது. எண்ணுவதற்கு அந்தக் கட்டடத்துக்காரர் ஒருத்தர் சாட்சியாக வேண்டும். சட்டை கொடுத்த வீட்டார் சாட்சியாக இருக்கக்கூடாது. உறவினரும் கூடாது. சட்டை கொடுக்காத வீட்டு ஆள் அங்கே ஒருத்தர்தான். மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த டிரில் வாத்தியார். அவரிடம் பனியன்தான் உண்டு, சட்டையே கிடையாது. "எண்ணுறதுதானே? காலையில ஒரு மைதானத்தையே எண்ணுறவன்மா நான்" என்று சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வண்டி நிறுத்துகிற இடத்தைக் கழுவிவிட்டு, நடுவில் நூலுவை நிறுத்தினார்கள். உட்காரக்கூடாது, சாயக்கூடாது. மாட்டிவிட ஒரே ஒரு ஆள். அது மாப்பிள்ளை. நான் ஒரு பக்கம், நூலுவின் மாமியார் ஒரு பக்கம், பிளாஸ்டிக் நாற்காலியில். டிரில் வாத்தியார் மாமியாருக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு சட்டைக்கும் உரக்க எண்ணினார்.

பாதிக்கு மேல் போனதும் நூலுவுக்குக் கை மடங்கவில்லை. இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நின்றாள். மூக்கு அரித்தால் மாப்பிள்ளைதான் சொறிய வேண்டும். "இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்! கல்யாணம் பண்ணி இத்தனை வருஷமாகியும் என் மூக்கு எங்க இருக்குன்னு தெரியல" என்று அவள் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். வேர்வை கண்ணில் இறங்கியது. ஆனாலும் அவள் நிற்கிற நிற்பில் ஒரு பிடிவாதம் இருந்தது.

பழைய சாதனைக்குச் சமமாக வந்தாயிற்று. மருந்துக்கடைக்காரர் சட்டை மட்டும் பாக்கி. மாப்பிள்ளை அதை விரித்து ஒரு கையை மாட்டிக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில்தான் மாமியார் வாயைத் திறந்தார். அந்த அம்மாவைத் தப்புச் சொல்ல மாட்டேன். பக்கத்தில் ஒரு மனுஷர் அவ்வளவு நேரம் நிற்கும்போது, யார் எவர் என்று விசாரிக்காமல் இருப்பது மரியாதையா?

"தம்பி, உங்ககூடப் பிறந்தவங்க எத்தனை பேரு?"

"ஒரே ஒரு அண்ணன்ங்க."

"அண்ணி எந்த வீட்டுப் பொண்ணு?"

"மரக்கடை வெச்சிருந்தாரே, ஒரு காது கேக்காம… அவரு பொண்ணு."

மாமியார் நாற்காலியில் நிமிர்ந்தார். "இடது காதா?"

"ஆமா."

"அட, அவரு எங்க சித்தி வீட்டுக்காரரோட கூடப்பிறந்த தம்பியில்ல! அப்ப உங்க அண்ணி எனக்குத் தங்கச்சி முறையாச்சே! ஏம்ப்பா, நீங்க எனக்குக் கொழுந்தன் முறை! நூலு, ஏ நூலு, இவரு உனக்குச் சின்ன மாமனாருடி!"

வாத்தியாருக்கு வாயெல்லாம் பல். நூலு, அத்தனை சட்டைக்குள்ளிருந்தும், தலையை மட்டும் குனிந்து, "வாங்க மாமா" என்றாள். நானும் மனசுக்குள் முறையைப் போட்டுப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கடைசிக் கழுத்துப் பொத்தானைப் போட்டார். வாத்தியார் எண்ணைச் சொன்னார். நாங்கள் கை தட்டினோம்.

விசில் ஊதியது. கை தட்டல் நின்றது.

"சாட்சி உறவினர். செல்லாது" என்றார் விசில்காரர்.

வாத்தியாருக்கு ரத்தம் முகத்தில் ஏறியது. "எனக்கே இப்பத்தான்யா தெரியும்! தெரியாத உறவுக்கு நான் எப்படி ஓரவஞ்சனை பண்ண முடியும்?"

"இப்பத் தெரிஞ்சிடுச்சே சார்."

"எண்ணினதெல்லாம் அதுக்கு முன்னாடிதானே?" என்றேன் நான்.

அவர் கடிகாரத்தைக் காட்டினார். "கடைசிப் பொத்தானுக்கு முன்னாடியே அந்தம்மா சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னாடி போட்டதெல்லாம் செல்லும். ஆனா அது பழைய சாதனைக்குச் சமம்தான். சமத்துக்குப் புத்தகத்துல இடம் கிடையாது."

"அப்ப அந்த ஒரு சட்டையைக் கழட்டிட்டு, வேற சாட்சியை வெச்சுத் திரும்பப் போட்டா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"நடுவுல சாட்சியை மாத்தக்கூடாது. முதல்லேருந்துதான்."

என்ன அநியாயம் பாருங்கள். அந்த வாத்தியார் வீட்டு விசேஷத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வராது. எங்கள் வீட்டுச் சாவுக்கு அவருக்குத் தீட்டு கிடையாது. அப்படிப்பட்ட தூரத்து முறையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணின் வயிற்றில் அடிக்கலாமா? எவ்வளவு தூரத்து உறவு என்று விதியில் போட்டிருக்கிறதா என்று கேட்டேன். போடவில்லையாம். "போடாததால எல்லா உறவும் அடக்கம்ங்க" என்றார். எழுதாமல் விட்டது அவர்கள், அனுபவிக்கிறது நாங்கள்!

மாமியார் மெதுவாக எழுந்து அவர் பக்கத்தில் போனார். "ஏந்தம்பி, உங்களுக்கு எந்த ஊரு? அப்பா என்ன பண்றாரு?"

விசில்காரர் இரண்டடி பின்னால் போய், "அதெல்லாம் சொல்றதுக்கில்லம்மா" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இத்தனை நேரமும் நூலு நடுவில் கையை விரித்தபடி நின்றிருந்தாள். எங்கள் சண்டை அவள் தலைக்கு மேலேதான் நடந்தது. ஒருத்தராவது அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. நான் உட்பட. கோபத்தில் எனக்கும் தோன்றவில்லை.

செயலாளர் முன்னால் வந்தார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. சட்டையைக் கழட்டிக் குடும்மா. அலமாரிக்காரன் நாளைக்கு வர்றான். பேசினபடி இடத்தை ஒழிச்சிடணும்."

நூலு அவரைப் பார்த்தாள். திரும்பி நடக்க ஆரம்பித்தாள். உடம்பு மடங்காது, கால் மட்டும் நகரும். பீரோ ஒன்று தானாக நடந்து போவது மாதிரி இருந்தது. நேரே படிக்கட்டுக்கு அடியில் போனாள். முழுசாக உள்ளே நுழைய முடியவில்லை. வாயிலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"கழட்ட மாட்டேன் சார்" என்றாள்.

"என்னது?"

"இடம் இல்லேங்கிறீங்க. அப்ப இத்தனை சட்டையையும் கழட்டி எங்க வெச்சுத் தேய்ச்சுக் குடுக்கிறது? எல்லாம் வேர்வை, எல்லாம் கசங்கல். இப்படியே எப்படி உங்க கையில குடுப்பேன்? எனக்கு இடம் எதுன்னு சொல்லுங்க, கழட்டறேன்."

அப்போதுதான் கட்டடத்துக்கு விஷயம் உறைத்தது. இரண்டாம் மாடிப் பையனுக்கு மறுநாள் வேலைக்கு இண்டர்வியூ. "அக்கா, என் நீலச் சட்டை?"

"இருக்குப்பா, நடுவுல எங்கயோ இருக்கு. மேல இருக்கிறதெல்லாம் வந்தாத்தான் அது வரும்."

மருந்துக்கடைக்காரர், "என்னுது மேலதானே இருக்கு, அதை மட்டும்…" என்று கை நீட்டினார். அவர் சம்சாரம் அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். "சும்மா இருங்க. தேய்க்காம போட்டுக்கிட்டு கடைக்குப் போவீங்களா? நான் தேய்ப்பேன்னு நினைப்பா?"

செயலாளர் சங்குக் குரலில் சத்தம் போட்டார். "இது மிரட்டல்! அவங்கவங்க சட்டையை அவங்கவங்க எடுத்துக்கலாம், நான் அனுமதிக்கிறேன்!"

"எடுத்துக்கட்டும் சார்" என்றாள் நூலு. "உங்களுதுதான் கடைசியா வரும். கட்டடத்துலேயே சின்னக் கழுத்து உங்களுது. என் பனியனுக்கு மேல முதல் சட்டை அதான். ஒட்டிக்கிட்டுக் கெடக்கு."

அவர் மூஞ்சி போன போக்கைச் சொல்ல முடியாது. அன்றைக்குச் சாயங்காலம் அவர் மகனுக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். அந்தச் சந்தன நிறச் சட்டைதான் ராசியான சட்டை என்று அவர் சம்சாரம் எடுத்து வைத்திருந்ததாம். சாதனைப் புத்தகத்தில் தன் சட்டையும் வரட்டும் என்ற ஆசையில் முதல் ஆளாக இவரே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மேலே பால்கனியிலிருந்து அந்த அம்மா குனிந்து, "ஏங்க, அவளுக்கு இடத்தைக் குடுத்துத் தொலைங்களேன்! பொண்ணு வீட்டுக்குப் பனியனோடயா போவீங்க?" என்றாள்.

"ஆமா சார், குடுங்க சார்" என்று ஒவ்வொருத்தராகப் பேச ஆரம்பித்தார்கள். இவ்வளவு நாள் எங்கேயய்யா இருந்தது இந்த வாயெல்லாம்? அலமாரி வருகிறது என்றபோது ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லை.

செயலாளர் தரையைப் பார்த்துக்கொண்டு, "சரி, இரு" என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க சார். எல்லாருக்கும் கேக்கணும்."

"இந்த இடம் இஸ்திரிக்குத்தான். அலமாரி மாடிக்குப் போகட்டும். போதுமா?"

"கேட்டுக்கிட்டேன்" என்றார் டிரில் வாத்தியார், மைதானத்துக்கே கேட்கிற குரலில்.

பிறகு சட்டைகள் கழன்றன. மருந்துக்கடைக்காரர் தன்னுடையதைத் தானே கழற்றினார். உரித்து உரித்து, கடைசியில் எங்கள் ஒல்லி நூலு வெளியே வந்தாள், கழுத்தெல்லாம் சிவந்து. உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள். எழுந்து, முதல் வேலையாகச் செயலாளர் சட்டையை அலசி, பிழிந்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள். ஈரம் போகத் தேய்த்து, சாயங்காலத்துக்கு முன்னால் மடித்துக் கொடுத்துவிட்டாள். அவர் வாங்கிக்கொண்டு ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லவில்லை.

நூலு இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். மாமியாரும் டிரில் வாத்தியார் வீட்டுக்குப் போக வர இருக்கிறார். "புத்தகம் போனாப் போகுது, எனக்கு ஒரு கொழுந்தன் கெடச்சாரு" என்பார். அவர்களுக்கெல்லாம் மனசு ஆறிவிட்டது. எனக்குத்தான் ஆறவில்லை. போன வாரம் அந்தக் கழகத்தின் எண்ணைத் தேடிப் பிடித்து, படிக்கட்டுக்கு அடியில் நின்றே போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"புகார் குடுக்கிற நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"பெரியப்பா."

"மன்னிக்கணும் ஐயா. உறவினர் புகார் குடுக்க விதியில இடமில்ல" என்று வைத்துவிட்டாள்.

நான் அந்தப் போனைப் பார்த்துக் கத்திய கத்தலில் மேலே இரண்டு கதவுகள் திறந்தன. நூலு நிமிரவே இல்லை. ஒரு காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "கையை அந்தப் பக்கம் எடுங்க பெரியப்பா, பெட்டி சூடா இருக்கு" என்றாள்.