ஏசி வாளிக்கு ஒரு பஸ்ஸர்

சரக்கு நிறுவனத்தில் லாரிகளுக்கு நேரம் ஒதுக்கும் குமாஸ்தாவை அலுவலகமே ‘மீட்டர்’ என்றுதான் கூப்பிட்டது. பேனா இல்லாமல்கூட வேலைக்கு வருவார், மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டர் இல்லாமல் வர மாட்டார். கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதற்குச் சற்று முன்னால் இரைச்சல் ஏன் அடங்குகிறது, நகல் எடுத்த தாள் ஏன் வளைகிறது, நாற்காலியை விட்டு எழுந்து கதவுப் பிடியைத் தொட்டால் ஏன் சுரீர் என்கிறது என்று கேட்காத ஆளையும் பிடித்து உட்காரவைத்து விளக்குவார். சும்மா சொல்லக் கூடாது, விளக்கம் சரியாகத்தான் இருக்கும். கேட்பவருக்குத்தான் நேரம் இருக்காது.

வீட்டில் அவர் மனைவிக்கு இருந்தது ஒரே ஒரு குறை. கூப்பிட்டால் மனிதர் பதில் சொல்வதில்லை. கையில் ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் இருந்தால் இவருக்கு உலகமே தெரியாது என்று முதலில் கேலி செய்தாள், பிறகு சண்டை போட்டாள். “செவுத்துக்கிட்ட பேசினாக்கூட எதிரொலியாவது வரும்” என்றாள். “நீ வாய்க்குள்ளயே முணுமுணுத்தா யாருக்குக் கேக்கும்?” என்பது மீட்டரின் கட்சி. கொஞ்ச காலமாக அந்தச் சண்டை ஓய்ந்திருந்தது. தன் கட்சி ஜெயித்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார்.

அலுவலக ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீருக்கு ஒரு வாளி வைத்திருந்தார்கள். யாரும் கவனிக்காத நேரம் பார்த்து அது நிரம்பி வழியும். மீட்டர் விடுவாரா? வாளியின் விளிம்புக்குக் கீழே இரண்டு கம்பிகள், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு பேட்டரி, ஒரு சின்ன பஸ்ஸர். தண்ணீர் ஏறிக் கம்பிகளைத் தொட்டால் பஸ்ஸர் அலற வேண்டும்.

தண்ணீர் தொட்டது. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் மின்சாரம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அப்படியானால் பஸ்ஸர் சொத்தை. வேறொன்று மாட்டினார், அதுவும் சொத்தை. மறுநாள் இன்னும் பெரிதாக ஒன்று வாங்கி வந்து மாட்டி, சூடேறினால் வேலை செய்யுமோ என்று அப்படியே விட்டுவைத்தார்.

சுற்றி இருந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இது என்ன என்று கேட்டால் அரை நாள் விளக்கம் கேட்க வேண்டும். ஆகவே ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து சீட்டு டைப்பிஸ்ட்தான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

“சார், அதைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா? தலை வெடிக்குது.”

“எதைம்மா?”

“அதான், காலையிலருந்து கத்துதே.”

“கத்தவே இல்லையேம்மா. அதுதானே பிரச்சினை.”

கிண்டல் செய்கிறாரோ என்று அவள் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் பஸ்ஸரை விரலால் காட்டினாள்.

மீட்டர் பஸ்ஸரைக் கையில் எடுத்துக் காதோடு வைத்தார். ஒன்றுமில்லை. விரல் நுனியில் மட்டும் அது நடுங்கிக்கொண்டிருந்தது. ஒயரைப் பிடுங்கினார். நடுக்கம் நின்றது, சுற்றி இருந்த முகங்களும் தளர்ந்தன. திரும்ப மாட்டினார், முகங்கள் சுருங்கின. ஒரு முறை பார்த்து முடிவுக்கு வரக் கூடாது என்று மறுபடியும் செய்து பார்த்தார். பேட்டரி, ஒயர், பஸ்ஸர், பெண்டாட்டியின் வாய் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவர் தன் காதை மட்டும் சந்தேகப்பட்டதே இல்லை. சாதாரணப் பேச்சு விழுகிற அந்தக் காதில் கீச்சென்ற சத்தம் மட்டும் விழவில்லை. மனைவிக்கு இயல்பிலேயே மெல்லிய கீச்சுக் குரல். என்னவெல்லாம் சொல்லியிருப்பாளோ என்று நினைத்தபோது அவருக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நேராகச் சமையலறைக்குள் நுழைந்தார். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டு அவளுக்கு எதிரில் நின்றார்.

“என் காதுலதான் கோளாறு. உன் மேல தப்பே இல்ல. நாளைக்கே டாக்டர்கிட்ட போறேன்” என்றார்.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“இவ்வளவு நாளா நீ பேசினது எதுவும் எனக்குக் கேக்கல. இப்ப சொல்லு, பக்கத்துலதான் நிக்கிறேன்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

“நான் பேசறதை விட்டே ரொம்ப நாளாச்சுங்க.”

அது அவருக்குத் தெளிவாகக் கேட்டது.