ஒரே ஈமெயிலில் பத்தொன்பது பேர்

போன மாதத் தொடக்கத்தில் எங்கள் ஆடு வளர்ப்பவர்களின் போன் குறூப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. பேசியவர் டொக்டர் ஐயா. அரசாங்க மிருக வைத்தியராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது அக்கராயனில் இருக்கிறார்.

"பிள்ளையள், மழைப் புல்லு மேஞ்சு வயிறு ஊதினால் என்ன செய்யிறதெண்டு இந்த வருசம் மட்டும் எத்தினை தரம் சொல்லிப்போட்டன். ஒருதரும் மேலை தேடிப் பாக்கிறியள் இல்லை. இந்த மாசத்தோடை நான் குறூப்பிலை இருந்து விலகிறன். குறை நினையாதையுங்கோ."

அதற்குக் கீழே ஒருவர் ரோசாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார். அடுத்து செல்வி அக்கா எழுதினா: "ஐயா, கோவியாதையுங்கோ. என்ரை மறி ஆட்டுக்கு வயிறு ஊதியிருக்கு."

ஐயா அதற்கும் பதில் சொன்னார். அந்தப் பெட்டை ஆடு பிழைத்தது. ஆனால் அவருடைய முடிவு மாறவில்லை.

தேடிப் பார்த்தால்தான் எங்கே கிடைக்கிறது? ஐயா காலையில் சொன்னதை மாலைக்குள் பூக்களும் பிறந்தநாள் வாழ்த்துகளும் மூடிவிடும். எங்கள் பக்கத்தில் ஒரு மறி செத்தால் ஒரு வீட்டின் வருமானமே ஆட்டம் காணும். ஐயாவும் போய்விட்டால் யாரிடம் கேட்பது?

ஆடு வளர்ப்புக் குறிப்புகளுக்காக நான் ஒரு சின்ன இணையத்தளம் நடத்துவது உங்களுக்குத் தெரியும். நாலு பேர் முன் வாய் திறக்க வராது — எழுதக் கொஞ்சம் வரும். அதனால் தொடங்கியது. அதிலேயே ஒரு கருத்துக்களம் வைத்தால் என்ன? கேள்வி ஒரு தலைப்பில், பதில் அதன் கீழே. போட்டது போட்ட இடத்தில் இருக்கும். மாதம் முடிவதற்குள் அதற்கொரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் படிப்போ ஓ.எல். பரீட்சையோடு சரி. பட்ஜெட்டோ... அதை விடுங்கள்.

முதலில் பார்த்தது அழகோ அழகு. மாதா மாதம் டொலர் கேட்டது. இரண்டாவது இலவசம், ஆனால் விளம்பரம் வரும். சோதித்துப் பார்க்க, ஆட்டுக்குக் கழிச்சல் என்று ஒரு கேள்வி போட்டேன். பக்கத்திலேயே ஆட்டிறைச்சிப் பிரட்டல் விளம்பரம் வந்து நின்றது. மூன்றாவதும் இலவசம். புதுசு. போனில் நன்றாகத் தெரிந்தது. நான் ஏற்கெனவே வாடகை கட்டும் சேர்வரிலேயே ஓடும். வீடியோ பார்த்துப் பார்த்து நாலு நாளில் நானே நிறுவிவிட்டேன்.

ஐயாவை விட்டு, குறூப்பில் மற்றப் பத்தொன்பது பேரையும் பதியச் சொன்னேன். முதல் ஆள் உள்ளே வந்தா. இரண்டாவது ஆளுக்கு, 'இந்த ஈமெயில் ஏற்கெனவே பதிவாகியுள்ளது' என்றது. மூன்றாவது ஆளுக்கும் அதே. நாலாவது ஆளுக்கும் அதே.

நான்தான் எதையோ பிழையாக அழுத்திவிட்டேன் என்று நினைத்தேன். அழித்து மறுபடி நிறுவினேன். இரண்டு தரம். கடைசியில் கூச்சத்தை விட்டு செல்வி அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, உங்கடை ஈமெயில் என்ன?"

"அதை நானாட்டைத்தான் கேக்கோணும். போனிலை அவர் போட்டு வைச்சது தானா வந்தது."

நானா என்று நாங்கள் கூப்பிடுவது முல்லைத்தீவு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணரை. போன் கார்ட், போட்டோக் கொப்பி, விண்ணப்பப் படிவம் — எங்கள் சனத்துக்கு எல்லாம் அங்கேதான். போய் நின்றேன்.

"நானா, இவையளுக்கு ஈமெயில் நீங்களோ செய்து குடுத்தது?"

"ஓம் தங்கச்சி. புதுசு செய்தா பாஸ்வேர்டை மறந்திட்டு வந்து நிக்குதுகள். அதாலை எல்லாருக்கும் என்ரை ஈமெயிலையே போட்டு விடுறனான்."

"எல்லாருக்குமோ?"

"பின்னை? பாஸ்போர்ட், சோதினை, வேலை... எது வந்தாலும் கோல் எடுத்துச் சொல்லுவன். உங்கடை ஆட்டுக் கடிதமும் ஒண்டு வந்தது. நான் ஆடு வளக்கிறேல்லையே எண்டு அழிக்கப் பாத்தனான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வந்து யோசித்தபோது மனம் இளகிவிட்டது. இத்தனை வீட்டு விஷயம் அந்த மனிதரின் கையில். ஒரு வார்த்தை வெளியே போனதாக நான் கேட்டதில்லை.

மென்பொருளின் உதவிப் பக்கத்தில் என் ஓட்டை ஆங்கிலத்தில் கேட்டேன். ஒரே ஈமெயிலில் பத்தொன்பது பேர் சேரலாமா? எந்த நாட்டுக்காரர் என்று தெரியாத ஒருவர் பதில் எழுதினார். இதில் முடியாது என்றார். சிரிக்கவில்லை, ஏன் என்று குடையவில்லை. வேறொரு பழைய மென்பொருளின் பெயரைச் சொல்லி, அதில் எந்தப் பக்கத்தில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று படமும் போட்டுக் காட்டினார். தன் கடைக்கு வந்த ஆளைக் கையைப் பிடித்து எதிர்க்கடையில் கொண்டுபோய் விட்ட மாதிரி.

பழையதுக்கு அழகில்லை. ஆனால் இலவசம், பலர் தங்கள் ஓய்வு நேரத்தில் சேர்ந்து எழுதியது. சிக்னல் குறைந்த இடத்திலும் திறக்கும். அவர் காட்டிய இடத்தில் ஒரு சின்னக் கேள்வி இருந்தது: ஒரே ஈமெயிலைப் பலர் பயன்படுத்தலாமா? ஆம் — இல்லை.

ஆம் என்பதை அழுத்தினேன்.

அந்தக் கேள்வியை அங்கே வைத்தவர் யார்? சொந்த ஈமெயில் இல்லாத சனமும் உலகத்தில் இருக்கும் என்று யாரோ ஒருவர், எப்போதோ, ஒரு நிமிடம் யோசித்திருக்கிறார். சம்பளம் வாங்காமல் யோசித்திருக்கிறார். அவருக்கு நான் எப்படி நன்றி சொல்ல?

அன்று நானாவுக்குப் பதிவை உறுதிப்படுத்தும் பத்தொன்பது கடிதங்கள் போயின. பத்தொன்பது பேருக்கும் அவர் கோல் எடுத்தார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது டொக்டர் ஐயாவும் சேர்ந்தார். வழக்கமான கேள்விகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பதில் எழுதி வைத்தார். பிறகு எனக்குப் போன்.

"பிள்ளை, இனி ஒரே கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. அப்ப நான் இதிலை இருக்கிறன்."

"ஓம் ஐயா" என்றேன்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருவர், மழைப் புல் மேய்ந்த குட்டிக்கு வயிறு ஊதியிருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். ஐயா ஒரே வரியில் எழுதினார்: 'இதற்குப் பதில் ஏற்கெனவே உண்டு. மேலே பார்க்கவும்.' பட்ட பாடு வீண் போகவில்லை என்று எனக்குச் சந்தோஷம்.

ஐந்து நிமிடம் போயிருக்காது. அதற்குக் கீழே ஐயா மறுபடியும்: 'எத்தினை மாசக் குட்டி? எப்ப மேஞ்சது? சரி, நான் முதலிலை இருந்து சொல்லுறன்...'

அதைத் தடுக்கும் மென்பொருள் இன்னும் வரவில்லை. வரவும் வேண்டாம்.