பேச்சுக்கு வெள்ளிக்கிழமை

"பதினாலு... பதினஞ்சு... பதினாறு..."

பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்தால் முதலில் இந்தக் குரல்தான் வரும். அப்புறம்தான் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் பிரதீபா தெரிவார். எதிரே நீர்மூழ்கி மோட்டாரின் இரும்புக் கூடு படுத்திருக்கும். அதன் உள்சுவரைச் சுற்றி இருபத்து நான்கு காடிகள். கம்பியை ஒரு காடியில் நுழைத்து மறுபக்கம் இழுத்து, இன்னொரு காடி வழியாகத் திருப்பிக் கொண்டுவந்தால் ஒரு சுற்று. யார் வந்து நின்றாலும் நிமிர மாட்டார். இடது கையை மட்டும் விரித்துக் காட்டுவார். அந்தக் காடி முடியும்வரை வந்தவர் காத்திருக்க வேண்டும்.

மன்னார்குடியில் அவருக்கு எதிர்க்கடை என்னுடையது. போட்டோக்களுக்குச் சட்டம் போடுகிறேன். அந்தக் கை எனக்கும் ஒருமுறை விரிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, ஓடாத மிக்சியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். காடியை முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மிக்சிக்கு வெள்ளிக்கிழமைண்ணே. இன்னிக்கு சுத்து நாளு."

"சட்னிக்கு மூணு நாளு காத்துக் கெடக்கணுமா?"

"அம்மியக் கழுவி வைங்கண்ணே" என்றார், அடுத்த காடிக்குக் குனிந்தபடி.

முப்பத்தெட்டு வயது. ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தவர். அந்த வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். கணவர் திருமுருகன் வயல்களுக்குப் போய் போர்க்குழாயிலிருந்து மோட்டாரைத் தூக்குவார், சரியானதும் இறக்குவார். கருகிய மோட்டாருக்குப் புதுக்கம்பி சுற்றுவது பிரதீபாவின் வேலை. சுற்ற உட்காரும்போது வளையல்களைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். கம்பி அறுக்காமலிருக்க ஆள்காட்டி விரலில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை மாட்டிக்கொள்வார். அந்த விரலோடு டீ குடிப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

மூன்று வருடத்துக்கு முன்பு சுத்து நாள் என்று எதுவும் கிடையாது. கம்பி பாதியில் நிற்கும்போது ஒருவர் ஃபேனுக்கு கண்டென்சர் கேட்பார். போன் அடிக்கும். 'சும்மாதான் வந்தேன்' என்று ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து, மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் என்று ஆரம்பிப்பார். எல்லாருக்கும் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால், பதினொன்றாவது சுற்றா பன்னிரண்டாவதா என்பது மறந்துபோயிருக்கும்.

"கை சும்மாவே இருக்காதுண்ணே. சாயங்காலம் பாத்தா ஒண்ணும் முடிஞ்சிருக்காது" என்று பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்.

அப்படி ஒரு ஆவணியில்தான் வைரக்கண்ணுவின் மோட்டாரைச் சுற்றினார். இரண்டு நாள் இழுத்த வேலை. வயலில் இறக்கிய நான்காம் நாள் அது மறுபடி கருகிவிட்டது. வைரக்கண்ணு அதை டிராக்டரில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். குறுவைப் பயிர் பூத்து நின்ற நேரம்.

"கரண்டு ஏறி எறங்கியிருக்கும்ண்ணே" என்றார் திருமுருகன்.

"செத்த இருங்க" என்று பிரதீபா கணவரைத் தடுத்தார். மோட்டாரைப் பிரித்து, வைரக்கண்ணுவின் கண்ணெதிரே ஒவ்வொரு காடியாக கம்பிகளை எண்ணினார். ஒன்பதாவது காடியில் நிறுத்தி, மறுபடி எண்ணினார்.

"கரண்டு இல்லண்ணே. ரெண்டு சுத்து கொறையுது. என் தப்புதான்."

வைரக்கண்ணு திட்டவில்லை. "பயிரு பூத்து நிக்குதும்மா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கடைக்குள் போன பிரதீபா, போனைக் கணவரின் சட்டைப் பையில் போட்டுவிட்டு ஷட்டரை முழுசாக இறக்கிக்கொண்டார். யார் தட்டினாலும் திறக்கவில்லை. மதியம் ஒரு மணிக்கு ஷட்டர் ஏறியது. வேர்த்து நனைந்து நின்ற அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு மணி நேரம்தாங்க ஆயிருக்கு" என்றார் கணவரிடம். "இதுக்கா ரெண்டு நாளு உக்காந்திருந்தேன்?"

அன்று சாயங்காலமே மோட்டார் ஓடியது. ஆனாலும் மேட்டுப் பக்கம் இரண்டு மா நிலத்துப் பயிர் பதராகிவிட்டது. "அத என்னால திரும்பச் சுத்திக் குடுக்க முடியாதுல்லண்ணே" என்பார் பிரதீபா. இப்போதும் அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

அடுத்த வாரம் ஷட்டரில் சாக்பீஸ் எழுத்து முளைத்தது. திங்கள், செவ்வாய் சுத்து நாள். புதன்கிழமை, வந்த மோட்டார்களைப் பிரித்துக் கழுவுவது. வியாழன் முழுக்க வயல். மிக்சி, கிரைண்டர், ஃபேன், ஊர்க்கதை எல்லாம் வெள்ளிக்கிழமைக்கு. சனிக்கிழமை கம்பி வாங்கத் தஞ்சாவூர் போய்விடுவார்.

திருமுருகனுக்குப் பிடிக்கவில்லை. "கஸ்டமர் வர்றப்ப கதவ மூடிக்கிட்டா கடைன்னு ஒண்ணு எதுக்கு?" என்று நடுத்தெருவில் நின்று சத்தம் போட்டார். அவர் சொன்னதுபோலவே இரண்டு மாதம் கூட்டம் குறைந்தது. பிறகு மெல்லத் திரும்பி வந்தது. பிரதீபா சுற்றிக் கொடுத்த மோட்டார் பழுதாகித் திரும்பி வருவதில்லை என்ற பேச்சு வயல்வெளியில் பரவியிருந்தது. தெருவில் யாராவது வளவளவென்று இழுத்தால், 'அத வெள்ளிக்கெழம பேசிக்குவோம்' என்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. நான்கூட ஆசைப்பட்டு கண்ணாடி வெட்டத் தனி நாள் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது வாரமே விட்டுவிட்டேன். வருகிறவர்களிடம் பேசாமல் என்னால் இருக்க முடியாது.

அவசரக்காரர்களுக்காக பிரதீபா தண்ணீர் இறைக்கும் பழைய ஆயில் இன்ஜின் ஒன்றை வாங்கிச் சக்கரம் மாட்டி வைத்திருக்கிறார். மோட்டார் தயாராகும்வரை அதை இரவல் கொண்டுபோகலாம். இந்த ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த இன்ஜினும் வெளியே போயிருந்த நேரம், உத்திராபதி மினி லாரியில் வந்து இறங்கினார். அறுபது வயதுக்காரர். ஆற்றில் தண்ணீர் விட்டும் அவருடைய கடைமடை வாய்க்காலுக்கு வந்து சேரவில்லை. மோட்டாரும் கருகிவிட்டது.

இடது கை விரிந்தது.

"நாத்து சாவுதும்மா! நீ கையக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்க!"

"பத்தொம்போது... இருவது..."

உத்திராபதி ஷட்டரை ஓங்கித் தட்டினார். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன். நான்கு நிமிடம் இருக்கும். எனக்கே நீளமாகத்தான் இருந்தது. பிரதீபா கம்பியை முடிச்சிட்டுவிட்டு வெளியே வந்தார்.

"நாத்து எத்தன நாளுங்கய்யா?"

"பன்னெண்டு."

"எவ்வளவு எடம்?"

"எட்டு சென்ட்டு."

"பக்கத்துல தண்ணி?"

"குட்டையில கெடக்கு. ஏத்தத்தான் வழியில்ல."

திருமுருகனிடமிருந்து போனை வாங்கி, முதல்நாள் இன்ஜினைக் கொண்டுபோயிருந்த கமருன்னிஸாவைக் கூப்பிட்டார். "அக்கா, வயலு நனைஞ்சிருச்சா? சரிக்கா, அப்ப இன்ஜின இப்பவே ஏத்திவிடறீங்களா? இங்க ஒருத்தங்க நாத்து காயுது." பிறகு உத்திராபதியிடம் திரும்பினார். "போற வழியில வாங்கிக்கங்கய்யா. வர்ற திங்கக்கெழம மொத மோட்டாரு உங்களுது. வியாழக்கெழம வயல்ல எறக்கிடுவோம். அதுவரைக்கும் இன்ஜினு உங்ககிட்டயே இருக்கட்டும்."

உத்திராபதிக்குக் கோபம் முழுசாகப் போகவில்லை. "தட்டினதுல ஷட்டரு ஒண்ணும் நசுங்கலயே?" என்று மட்டும் கேட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

பிரதீபா சொன்ன அந்த வியாழக்கிழமை, உத்திராபதியின் ஊர்க் கோயிலுக்கு ஒரு படம் மாட்டிக் கொடுக்கப் போயிருந்தேன். திரும்பும் வழியில் போர்க்குழாய் அருகில் மூவரும் நிற்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். நாற்றங்கால் பச்சையாக நின்றது. திருமுருகன் சுவிட்சைப் போட்டார். பிரதீபா மீட்டரை மூன்று வயர்களிலும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தார். எட்டு, எட்டு, எட்டு. மூன்றிலும் கரண்டு ஒரே அளவு. குழாய் இருமியது. முதலில் கலங்கலாக வந்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் தெளிந்தது.

"இருந்து ஒருவாய் சாப்பிட்டுட்டுப் போம்மா" என்றார் உத்திராபதி.

"இன்னிக்கு இன்னும் ரெண்டு எடம் பாக்கி இருக்குங்கய்யா."

சொன்னவர் வண்டியை நோக்கி நாலடி வைத்தார். பிறகு நின்று, செருப்பைக் கழற்றி வரப்பில் ஓரமாக வைத்துவிட்டு, வாய்க்கால் கரையில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் ஓடுகிற தண்ணீருக்குள் விட்டார்.