கம்பியைப் பார்த்துக்கொள்பவர்

எங்கள் மலை ஊரான மாரமங்கலத்தில் கூட்டம் போட வந்த மின்சார அதிகாரி ஒல்லியான ஆள். கேள்வி கேட்டால் முதலில் கண்ணாடியைத் துடைப்பார்.

இனிமேல் தனியார் கம்பெனிகளும் மின்சாரம் விற்குமாம். அரசு நிறுவனம் கம்பியை மட்டும் பார்த்துக்கொள்ளுமாம். நான் நம்பவில்லை. பறித்த காப்பிப் பழத்தை அன்றே கரண்ட் மெஷினில் தோலுரிக்காவிட்டால் புளித்துவிடும்; ஒரு நாள் கரண்ட் போனாலும் எங்களுக்கு நஷ்டம்.

"ஏனுங்க, கம்பி மேல கிளை விழுந்தா லைன்மேன் கரண்ட்ட நிறுத்துவாரு, நாங்க கவுறு கட்டி இழுப்போம். இனி?" என்று கேட்டேன்.

கண்ணாடியைத் துடைத்தார். "நீங்க தொடக்கூடாதுங்க. கம்பி வேலைக்கு டெண்டர் எடுத்தவங்க சேலத்துலிருந்து வருவாங்க."

"நொம்ப மழைன்னா பஸ்ஸே ஏறாதுங்க. அவங்க பறந்து வருவாங்களா?"

மறுபடி துடைத்தார். கூட்டம் கலைந்ததும் என் பக்கத்தில் வந்தார். "வழக்கம்போல கிளைய நீங்களே இழுத்துக்கங்க. என்கிட்ட மட்டும் சொல்லாதீங்க."

எங்களுக்கு உதவினாரா, கைகழுவினாரா? இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.